குத்தகை நிலத்தில் எழுத்து

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இணையத்தில் இலவசமாய்ப் பக்கம் தருகிறார்கள் என்றதும் நானும் ஒரு வலைப்பூ தொடங்கினேன். ஆசிரியர்னு ஒருத்தர் உட்கார்ந்துகிட்டு 'இதெல்லாம் இலக்கியமா'ன்னு கேட்கவில்லை. சேரியிலிருந்து எழுதுகிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை. சுடுகாட்டுப் பாதையை மறித்தது, டீக்கடையில் தனிக் குவளை வைத்தது எல்லாவற்றையும் எங்க பெரியவங்க சொல்லச் சொல்ல நேராக அதிலேயே எழுதினேன்.

ஒருநாள் திறந்தால் பக்கமே இல்லை. 'விதிமீறல்' என்று ஒரு வரி. எந்த விதி? யார் புகார்? எழுதிக் கேட்டேன். எந்திரம்தான் பதில் போட்டது. சாதிப்பெயர் சொல்லி ஏசுகிறவனும், அந்த ஏச்சை வாங்கினதை எழுதுகிறவனும் அதுக்கு ஒண்ணுதான் போல.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2009இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியபோது, ஆர்வலர்கள் ஓடியோடி நகலெடுத்தவைதான் பெரும்பாலும் மிஞ்சின. குத்தகை நிலத்தில் வெள்ளாமை நம்முடையது, வரப்பு அவனுடையது.

1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தாமே தொடங்கி நடத்தினார். அந்த எழுத்து 1999இல் தொகுப்பு நூலாக நம் கைக்கு வந்ததே, எப்படி? பழைய இதழ்களைச் சிலர் பல்லாண்டுகள் காப்பாற்றி வைத்திருந்ததால்.

ஆகவே இணையத்தில் எழுதுங்கள், விடாதீர்கள். ஆனா ஒரு படி தாளில் எடுத்து நாலு வீட்டில் வையுங்கள். எனக்குக் கதை சொன்ன பெரியவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. அவர்கள் பேச்சுக்கு என்னிடம் ஒரு படிகூடக் கிடையாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.