மஞ்சள் கரைச் செடியும் தண்ணீர்த் தட்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் குடியிருப்பில் பல வீட்டு வாசலில் நிற்கும் செடி ஸ்நேக் பிளான்ட். வாள் போல நிமிர்ந்த தடித்த இலை, இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கரை. தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா என்றாலும் நமக்கு அந்நியம் இல்லை. நம் காடுகளில் வளரும் மருள் இதன் நெருங்கிய சொந்தம். மருள் நாரில்தான் முன்னோர் வில்லுக்கு நாண் திரித்தார்கள்.

இது வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். இலையிலும் கிழங்கிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். தினமும் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறை போதும். தொட்டியில் ஓட்டை அவசியம். மண்ணில் மணல் கலந்திருக்க வேண்டும். ஜன்னல் ஓர வெளிச்சம் நல்லது. சித்திரை வெயில் நேராக அடித்தால் இலை கருகும்.

உறவினர் கேட்டால் இலையை வெட்டிக் கொடுக்காதீர்கள். வெட்டிய இலை வேர் விடும், குருத்தும் வரும். ஆனால் அந்தக் குருத்தில் மஞ்சள் கரை இருக்காது, வெறும் பச்சையாகத்தான் இருக்கும். கரை வேண்டுமானால் தொட்டியைக் கவிழ்த்து, இரண்டு மூன்று இலையோடு கிழங்கைப் பிரித்து, வெட்டிய இடம் காய்ந்தபின் நடுங்கள்.

இந்தச் செடி இரவில் ஆக்சிஜன் தரும், காற்றைச் சுத்தமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. இரவில் இது இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுப்பது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உண்டாவது வெளிச்சத்தில்தான். 1989இல் வெளியான நாசா ஆய்வு, காற்றுப்புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. 2019இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்துக்குள் இயல்பாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டுமாம்! மூச்சிரைப்பு உள்ளவர்கள் செடியை நம்பி ஜன்னலைச் சாத்தாதீர்கள். அழகுக்கு வளர்ப்போம், அது போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நிற்கும் கொஞ்சத் தண்ணீர் போதும், டெங்கு கொசு முட்டையிட. முட்டை ஏழெட்டு நாளில் கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால் வாரம் ஒருமுறை தட்டை நாரால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஒரு வீட்டுத் தட்டில் பிறக்கும் கொசு அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும். இலையைத் தின்றால் வாந்தி வரும், ஆகவே தவழும் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.