பெயர் தெரியாத அந்த வேடந்தாங்கல்காரர்



‘நல்ல குடிமகன்’னு தலைப்பு குடுத்திருக்காங்க. அதைப் படிச்சதும் அந்த மூலையில ஒரு சிரிப்பு கேட்டுச்சு. தம்பி, அந்தச் சிரிப்புக்கு வேற கடை இருக்கு. ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும். இங்க எட்டரைக்கு மூடிடுவோம்.

எனக்கு முன்னால பேசின அண்ணன் உலக உதாரணமெல்லாம் சொன்னாரு. நானும் ஒண்ணு சொல்லிடறேன். 2022-ல நம்ம மாமல்லபுரம் பூஞ்சேரியில செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சே, 180 நாட்டுக்கு மேல வந்தாங்க. பிலிப்பைன்ஸ்காரங்களும் வந்தாங்க. அந்த நாட்டுக் கிராமத்துல ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் வீட்டை இடம் மாத்தணும்னா பொருளை மட்டும் மாத்த மாட்டாங்க, வீட்டையே மாத்துவாங்க! மூங்கில் வீட்டுக்கு அடியில கழியைச் சொருகி, ஊர் ஆம்பளைங்க இருபது இருபத்தஞ்சு பேர் தோள்ல தூக்கிட்டு நடப்பாங்க. கூலி கிடையாது. போய்ச் சேர்ந்த இடத்துல வீட்டுக்காரர் சோறு போடுவாரு. பயானிஹான்னு பேர் வெச்சிருக்காங்க. கை தட்டுங்க, தட்ட வேண்டிய விஷயம்தான்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். பிலிப்பைன்ஸ்காரன் வீட்டைத் தூக்கினதுக்குக் கை தட்டற நமக்கு, இங்கிருந்து பஸ் ஏறினா போயிடலாம்கிற தூரத்துல இருக்கிற வேடந்தாங்கல்காரன் என்ன தூக்கினான்னு தெரியுமா? 200 வருஷத்துக்கு மேல ஒரு ஏரி நிறையப் பறவையைத் தூக்கிட்டு நிக்கிறான்யா!

கதையைக் கேளுங்க. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சி. செங்கல்பட்டு ஜாகீர்னு பேரு. கலெக்டர் லயனல் பிளேஸ். கச்சேரி, அதாவது அவரோட ஆபீஸ், அப்போ கருங்குழியில. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பொழுது போகலைன்னா துப்பாக்கியை எடுத்துக்கிட்டு வேடந்தாங்கல் ஏரிக்குப் போயிடுவாங்க. நீர்க்கடம்பு மரம் முழுக்கக் கூடு. கூட்டுல குஞ்சு. குறி பார்க்கக்கூட வேண்டியதில்ல, சுட்டா ஏதாவது ஒண்ணு விழும். நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், எதுவா இருந்தா என்ன?

ஊர்க்காரங்களுக்கு வயிறு எரிஞ்சுது. பாசம் மட்டும் இல்லீங்க, பொழைப்பும்தான். அதை மறைக்க வேண்டியதில்ல. அந்தப் பறவையோட எச்சம் விழுந்த தண்ணிதான் அவங்க நெல்லுக்கு உரம். மடையைத் திறந்தா உரத்தோட சேர்ந்தே தண்ணி வரும். பறவை போச்சுன்னா விளைச்சல் போச்சு.

அப்போ யாரோ ஒருத்தர் எழுந்தாரு. வேட்டியை இறக்கிவிட்டாரா, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டாரா, கூட நாலு பேர் போனாங்களா, நமக்குத் தெரியாது. கருங்குழிக் கச்சேரிக்குப் போயி, துப்பாக்கி வெச்சிருக்கிறவன் ஆளுற நாட்டுல, துப்பாக்கிக்காரன் மேலயே புகார் சொன்னாரு. சொல்லி, 1798-ல கவுல்னு ஒரு உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிட்டு வந்தாரு. இந்த ஏரியில யாரும் பறவையைச் சுடக் கூடாது! ஓட்டு கிடையாது, வார்டு மெம்பர் கிடையாது, அரசியல் சட்டம் வர்றதுக்கு இன்னும் நூத்தி அம்பது வருஷம் இருக்கு. கேட்டு வாங்கினாரு!

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோவிலுக்குப் போனவங்க கை தூக்குங்க. நிறைய பேர். அங்க தாயார் சன்னதியில பிளேஸ் துரை பேர் கல்லுல இருக்கு. ஏரிக்கரை உடையாம ராமரும் லட்சுமணரும் வில்லோட காவல் நின்னதை அவர் பார்த்தார்னு கதை. பார்த்தாரோ இல்லையோ, பேர் நிக்குது. அது இருந்துட்டுப் போகட்டும், எனக்கு வருத்தம் இல்ல. ஆனா மனு கொடுத்தவன் பேர் எங்கய்யா? கையெழுத்து போட்டவனுக்குக் கல்லு, கால் தேய நடந்தவனுக்கு ஒண்ணும் இல்லையா? எந்த மேடைக்குப் போனாலும் இதைத்தான் பேசறேன்னு வீட்டுல திட்டறாங்க. திட்டட்டும்.

கவுலோட விட்டாங்களா வேடந்தாங்கல்காரங்க? கவுல் வாங்கினவங்க தங்கள் பக்கத்தையும் காப்பாத்தினாங்க. இன்னிக்கும் வேடந்தாங்கல்ல தீபாவளிக்கு வெடி கிடையாது. ஊர்ல சின்னப் பிள்ளை இருக்கும், பக்கத்து ஊர்ல சரவெடி சத்தம் காதுல விழும், அப்பன் மத்தாப்பைக் கையில குடுத்து ‘சாமி, கூட்டுல குஞ்சு இருக்கு’ம்பான். பிள்ளை கேட்டுக்கும். போலீஸ் போட்டா வெக்கிறாங்க? 2022-ல ஏரியை உலக ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேர்த்தாங்க, சந்தோஷம். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2020-ல, ஏரியைச் சுத்தி இருக்கிற 5 கிலோமீட்டர் சரணாலய எல்லையை 3 ஆக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சே, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மறுபடியும் கேள்வி கேட்டாங்க. 5 இன்னும் 5-ஆவே நிக்குது.

இப்ப சில பேர் இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன், சொன்னா அவங்களுக்கு விளம்பரம். கடற்கரையைச் சுத்தம் பண்ண வர்றாங்க. கோவளத்துல இருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் எந்த மணல்ல வேணும்னாலும் பாருங்க, ஞாயித்துக்கிழமை காலையில ஒரே மாதிரி டீ-ஷர்ட் தெரியும். ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’னு பேனர் கட்டுவாங்க. அந்த பேனர் எதுல அடிச்சது? ஃபிளெக்ஸ்! கையில பிளாஸ்டிக் உறை, குடிக்க பிளாஸ்டிக் பாட்டில். போட்டோகிராஃபர் வர்ற வரைக்கும் குப்பைப் பக்கமே குனிய மாட்டாங்க, வந்ததும் எழுந்திருக்கவே மாட்டாங்க. ஒன்பது மணிக்கு வெயில் ஏறினதும் பொங்கலும் வடையும். அப்புறம் அந்த உறை, பாட்டில், தட்டு, பேனர் எல்லாத்தையும் யார் பொறுக்கறா? தூய்மைப் பணியாளர் அம்மா. அன்னிக்கு அவங்களுக்கு ரெட்டை வேலை! அவங்க ஒரு போட்டோவுல இருக்காங்களா? தட்டாதீங்க, இதுக்குத் தட்டினா நேரம் போயிடும்... சரி, தட்டுங்க.

தலைவர் சீட்டு அனுப்பிட்டாரு. அஞ்சு நிமிஷமாம். அய்யா, ஃபிளெக்ஸ்காரங்க என் நேரத்தைத் தின்னுட்டாங்க, இன்னும் ரெண்டு சேர்த்துக் குடுங்க.

இந்தக் கடற்கரையிலேயே வடநெம்மேலி இருக்கு. முதலைப் பண்ணை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறீங்களே, அதே இடம். அங்க இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னால தோலுக்காகப் பாம்பு பிடிச்சவங்க. தோல் வியாபாரத்தை அரசாங்கம் தடுத்தப்போ அடுப்பு அணைஞ்சுது. அதே கைதான் அப்புறம் உயிரைக் காப்பாத்தற கை ஆச்சு. பார்த்திருக்கீங்களா? மேல தோல் மாதிரி இறுக்கிக் கட்டின கண்ணாடிக் குப்பி. நாகத்தோட தலையைப் பிடிச்சு அதுல கடிக்க விடுவாங்க. மஞ்சளா ரெண்டு சொட்டு உள்ள இறங்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலுக்கும் அப்படித்தான். சில வாரம் வெச்சிருந்து, வயித்துச் செதில்ல ஒரு அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டுலேயே விட்டுடறாங்க. உடனே அதே பாம்பை மறுபடி பிடிச்சுடக் கூடாதுன்னு அந்த அடையாளம்!

நாட்டுல விஷமுறிவு மருந்து செய்யறதுக்குப் போற விஷத்துல பெரும்பங்கு இங்கிருந்துதான். உத்தரப் பிரதேசத்துல வயல்ல கடிபட்ட விவசாயி பிழைச்சா, அதுல நம்ம செங்கல்பட்டு இருளர் கை இருக்கு. 2023-ல வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்க. டெல்லி மரியாதை பண்ணுச்சு, சரி. அவங்க சனத்துப் பிள்ளைங்க ஒரு சாதிச் சான்றிதழுக்கு எத்தனை நடை நடக்குதுங்க? அதைக் கேட்டா இந்த மண்டபம் ஏன் அமைதியாயிடுது?

கேட்டவங்க இருக்காங்க. 2021-ல மாமல்லபுரத்துல ஒரு நரிக்குறவர் சமூகத்துப் பெண்ணைக் கோவில் அன்னதானப் பந்தியில உட்கார விடல. பேசாம மணிமாலை விக்கப் போயிருக்கலாம். அந்தம்மா கேட்டாங்க. கேமரா முன்னால நின்னு கணக்கா கேட்டாங்க. அமைச்சர் வந்து பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டாரு. அந்தத் தீபாவளி அன்னிக்கு முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து பட்டாவும் சான்றிதழும் குடுத்தாரு. நான் வேடந்தாங்கல்காரர்னு சொல்லிக்கிட்டே இருக்கேனே, அவரோட வாரிசு ரத்தத்துல வரணும்னு இல்லீங்க.

உத்திரமேரூரைச் சொல்லாம இறங்கினா நீங்க விட மாட்டீங்க. 2019-ல மாவட்டத்தைப் பிரிச்சப்போ காஞ்சிபுரத்தோட போயிடுச்சு, இருந்தாலும் நம்ம பழைய செங்கல்பட்டு ஜில்லா ஊர்தான். முதலாம் பராந்தகன் காலம், 919-லயும் 921-லயும் வெட்டின கல்வெட்டு, வைகுண்டப் பெருமாள் கோவில் சுவர்ல. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கிற விதி: முப்பது குடும்பு, அதாவது வார்டு, பேர் எழுதிப் போடற குடவோலை, குடத்துக்குள்ள கையை விட ஒரு சின்னப் பையன். இதெல்லாம் பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. எல்லாரும் ஜனநாயகம் ஜனநாயகம்னு தட்டுவாங்க. நான் முழுசாத் தட்ட மாட்டேன். பொதுவா கால் வேலி நிலமாவது இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும். உழுதவனுக்கும் இடம் இல்ல, பொம்பளைக்கும் இடம் இல்ல.

ஆனா ஒரு விதிக்கு மட்டும் எழுந்து நின்னு தட்டுவேன். வாரியம்கிற குழுவுல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்கக் கூடாது. அவன் மட்டுமா? சித்தி மகன், அத்தை மகன், மாமன், மச்சான், மாமனார், மருமகன், யாரும் நிக்கக் கூடாது! ஒரு கணக்கு நோட்டு வரலைன்னா ஒரு வம்சமே வெளிய! இதை இப்பக் கொண்டுவந்தா... யார் அது சிரிக்கிறது? மேடையில இருந்தே சத்தம் வருது!

தலைவர் எழுந்துட்டாரு, நானும் முடிக்கணும். வர்ற ஜனவரி 26 கிராம சபை. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-லயும் உண்டு. நீங்க போங்க. வரவு செலவு வாசிக்கச் சொல்லுங்க. ஏரி மராமத்துக்கு எவ்வளவு போச்சு, எந்த மடைக்குப் போச்சுன்னு கேளுங்க. தீர்மானம் எழுதாத வெத்துப் பக்கத்துல கையெழுத்து கேட்டு நோட்டு வீடு தேடி வந்தா, ‘எழுதிட்டு வாங்க, படிச்சிட்டுப் போடறேன்’னு சொல்லி பேனாவைச் சட்டைப் பையில சொருகிக்கோங்க.