நாற்காலி கேட்ட வக்கீல்



நான் திருவனந்தபுரத்து வலியசாலைக்காரன். சோழர் கல்வெட்டுகள் பேசும் காந்தளூர்ச் சாலை எங்கள் ஊர்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. நீங்கள் கடல் கடந்து வெளித்தமிழர் ஆனீர்கள். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஆனோம். 1956 நவம்பர் 1 அன்று களியக்காவிளையில் மாநில எல்லைக் கோடு விழுந்தது. நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்ட எங்கள் அத்தைமார் ஒரே இரவில் வேறு மாநிலத்துக்காரர்கள் ஆனார்கள்.

அந்தக் கோட்டுக்காக வாதாடியவர் ஒரு வக்கீல், மார்ஷல் நேசமணி. 1895இல் விளவங்கோடு தாலுகாவின் பள்ளியாடியில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து, 1921இல் நாகர்கோவிலில் தொழில் தொடங்கினார். அங்கே கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. முக்காலியை எட்டி உதைத்துவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார் என்று குமரியில் இன்றும் சொல்வார்கள்.

பிறகு அவர் கேட்டதும் அதே இருக்கைதான், இம்முறை தமிழுக்கு. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸை நடத்தினார். 1952இல் நாகர்கோவில் மக்களவை உறுப்பினரானார். 1954 ஆகஸ்ட் 11 அன்று போராட்டக்காரர்கள்மேல் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சராக இருந்த பட்டம் தாணுப்பிள்ளையும் வக்கீல்தான். மாநில மறுசீரமைப்பு ஆணையம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களோடு செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குக் கொடுக்கப் பரிந்துரைத்தது. கேட்ட தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை. இணைப்பு முடிந்ததும் தன் கட்சியைக் காங்கிரஸில் கரைத்தார் நேசமணி. 1968இல் அவர் மறைந்தபின் அந்த நாகர்கோவில் தொகுதியில் நின்று வென்றவர் காமராஜர்.

நேசமணி வென்ற வழக்கில் வலியசாலைக்குத் தீர்ப்பு இல்லை. தலைநகரை யாரும் கேட்கவும் முடியாது. அதில் எனக்கு மனத்தாங்கலும் இல்லை. மலையாளத்தில் படித்தோம், மலையாளிகளோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம், வீட்டுக்குள் தமிழை வைத்துக்கொண்டோம். ஆனால் வீட்டுக்குள் மட்டும் வைத்த மொழி பேரப்பிள்ளை காலத்தில் அடுக்களையோடு நின்றுவிடுகிறது. எங்கள் தெருவில் அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

எல்லைக்குள் இருப்பவர்களுக்கு அரசாங்கம் நாற்காலி போடும். உங்களுக்கும் எனக்கும் அது இல்லை. ஆண்டுக்கு ஒருநாள் இந்தச் சங்க மேடையில் தமிழ் உட்கார்ந்தால் போதாது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்குப் போங்கள். தமிழ் வகுப்புக்கு ஓர் அறை கேளுங்கள். முக்காலி கொடுத்தால் உட்காராதீர்கள்.