படுத்துவிடும் கோடு: புற்றுநோயில் குணமடைந்தோரைக் கணக்கிடும் மாதிரிகள்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களின் உயிர்வாழ்வை ஒரு கோடாக வரைவது வழக்கம். முதல் நாளில் நூற்றுக்கு நூறு என்று நிற்கும் கோடு, ஒவ்வோர் இறப்புக்கும் ஒரு படி இறங்கும். 1958இல் கப்லான், மையர் இருவரும் வகுத்துத் தந்த முறை இது. வயது, நோயின் கட்டம், சிகிச்சை ஆகியவை இந்த இறக்கத்தை எப்படி மாற்றுகின்றன என்று அளக்கும் வழியை 1972இல் டேவிட் காக்ஸ் தந்தார். வழக்கமான இவ்விரு முறைகளும், நோய் அறவே நீங்கியவர்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆனால் சில புற்றுநோய்களில் கோடு சில ஆண்டுகள் இறங்கிவிட்டுப் பிறகு கிடையாகப் படுத்துவிடுகிறது. குழந்தைகளைத் தாக்கும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் இதற்குச் சான்று. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் 1980களில் தொடங்கிய எம்.சி.பி.-841 என்ற சிகிச்சை நெறியைப் பின்பற்றின. நான்காண்டு முடிவில் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர் அதற்குமுன் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. பின்னர் அது 45 முதல் 60 வரை உயர்ந்தது. இந்த முன்னேற்றம் இறப்பைத் தள்ளிப்போட்டதால் வந்ததா, நோயையே வேரறுத்ததால் வந்ததா? குணமடைவு மாதிரிகள் பிறந்தது இத்தகைய கேள்விகளுக்காகத்தான்.

1949இல் இங்கிலாந்தின் போக் என்பவரும், 1952இல் அமெரிக்காவின் பெர்க்சன், கேஜ் இருவரும் தந்த விடை எளிமையானது. நோயாளிகள் ஒரே கூட்டம் அல்லர், இரண்டு கூட்டத்தின் கலவை. ஒரு பங்கினர் குணமடைந்தவர்கள்; மற்றவர்களுக்கு நோய் என்றாவது திரும்பும். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: 100 பேரில் 40 பேர் குணமடைந்தவர்கள் என்று கொள்ளலாம். மீதி 60 பேரில் மூன்றாண்டுக்குப் பின் கால்வாசி, அதாவது 15 பேர் உயிரோடு இருக்கிறார்கள். மொத்தம் 55 பேர். அன்று உயிரோடு இருக்கும் ஒருவர் குணமடைந்தவராக இருக்கும் வாய்ப்பு 55இல் 40, ஏறக்குறைய 73 விழுக்காடு. ஐந்தாம் ஆண்டில் அந்த 60இல் 3 பேரே மிஞ்சினால், வாய்ப்பு 43இல் 40, அதாவது 93 விழுக்காடு. பரிசோதனைக்குக் குழந்தையுடன் வந்து உட்கார்ந்திருக்கும் தாய் மருத்துவரிடம் கேட்பது இந்த எண்ணைத்தான்; சராசரி ஆயுள் அவருக்கு எதையும் சொல்வதில்லை.

யார் எந்தக் கூட்டம் என்பது யாருடைய நெற்றியிலும் எழுதியிருப்பதில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ப்பைக் கொடுத்து, கணக்கிட்டு, திருத்தி, மீண்டும் கணக்கிடும் இ.எம். படிமுறை கையாளப்படுகிறது. 1990களில் வேறொரு பாதை திறந்தது: சிகிச்சைக்குப் பின் தப்பிய புற்றணுக்களின் எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறது என்று கொண்டால், ஓர் அணுகூடத் தப்பாத வாய்ப்பே குணமடைவு விகிதம். தப்பிய அணுக்கள் சராசரியாக ஒன்று என்றால் அது 37 விழுக்காடு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ந. பாலகிருஷ்ணன், பாய்சானையும் உள்ளடக்கிய பரந்த மாதிரிகளை உடன் ஆய்வாளர்களுடன் உருவாக்கினார்.

இந்த மாதிரிகள் எல்லா நோய்க்கும் பொருந்தா. மார்பகப் புற்றுநோயின் சில வகைகள் பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் திரும்புகின்றன. ஐந்தாண்டுத் தரவை வைத்து அங்கே குணமடைவு விகிதம் சொல்வது அவசரம்.

இதைவிடப் பெரிய ஆபத்து கோட்டின் வாலில் இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தின் விசைத்தறித் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்த்தால் விளங்கும். லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பார். அட்வான்ஸ் கிடைத்தால் வேறு பட்டறைக்கு மாறிவிடுவார். சிகிச்சைக்குக் காவிரிப் பாலம் தாண்டி ஈரோடு போவார், அது வேறு மாவட்டம். அங்கே முடியாதபோது கோவைக்கோ அடையாற்றுக்கோ போவார். நோய் முற்றியதும் சொந்த ஊருக்குத் திரும்பி, அங்கேயே கண்மூடுவார். சிகிச்சை தந்த மருத்துவமனையின் ஏட்டில் அவர் இன்னும் உயிரோடுதான் இருப்பார். மேற்சொன்ன 100 பேரில் 20 பேரின் இறப்பு இப்படிப் பதியாமல் போனால், கோடு 40இல் அல்ல, 60இல் படுக்கும். மாதிரி அதை அப்படியே நம்பி, இறந்த 20 பேரையும் குணமடைந்தவர்கள் என்று சொல்லும். தொடர்பு அற்றுப்போனவர்களை அந்த நாளோடு கணக்கிலிருந்து விலக்கினாலும் சிக்கல் தீராது. வராமல் நின்றவர்கள் வந்தவர்களைவிட நோய் முற்றியவர்களாக இருக்கக்கூடும்.

1981இல் தொடங்கிய சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு இந்தப் படுகுழியை நன்கு அறிந்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு பெயர்களை ஒப்பிட்டும், கடிதம் எழுதியும், தொலைபேசியில் கேட்டும், வீடு தேடிச் சென்றும் நோயாளிகளின் நிலையை அறிந்தது. அப்படித் தேடாவிட்டால் உயிர்வாழ்வு எவ்வளவு பிழையாகத் தெரியும் என்பதை ஆர். சுவாமிநாதன், வி. சாந்தா முதலியோர் 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினர். குணமடைவு மாதிரிக்கு அந்த வீடு தேடிய நடை எந்தச் சமன்பாட்டுக்கும் குறைந்ததல்ல.

 

பள்ளிபாளையம் பகுதி நோயாளிகளுக்கு நம்பத்தக்க குணமடைவு விகிதம் கிடைக்க, முதல் நாளே பதிவுத்தாளில் நான்கு செய்திகள் வேண்டும்: சொந்த ஊர், வேலை செய்யும் பட்டறை, வீட்டார் இருவரின் கைபேசி எண், உறவினர் ஒருவரின் முகவரி. பிறகு ஆண்டுக்கு ஒருமுறையேனும் விசாரிப்பு, பத்தாண்டு வரை. நாமக்கல், ஈரோடு, சேலம் மூன்று மாவட்டங்களின் இறப்புப் பதிவுகளும் அந்தத் தாள்களோடு ஒப்பிடப்பட வேண்டும்.