ஏழு நாய்களும் ஏழு பெண்களும்



கண்ணமங்கலத்திற்கு மேற்கே எழுந்து நிற்கும் சவ்வாது மலையின் சிற்றூர்களில் வாழும் மலையாளிகள் சேரநாட்டார் அல்லர். மலையிடத்து வாழ்வதால் அப்பெயர் பெற்றனர். அவர்தம் தாய்மொழி தமிழே. சாமையும் கேழ்வரகும் விளைவித்து, தேனும் கடுக்காயும் புளியும் திரட்டிக் கீழ்நாட்டுச் சந்தைக்குத் தருவோர் அவர்கள். அம்மக்களின் மணமுறை, சாவுச்சடங்கு, ஊர்க்கவுண்டரின் அதிகாரம் ஆகியவற்றைப் பட்டியலிட்டோர் பலர். ஆயினும் அவர்கள் மலையேறிய கதை பட்டியலுக்குள் அடங்குவதன்று.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' அக்கதையைப் பதிந்துள்ளது. இன்று ஆந்திர மாநிலக் குப்பத்தை அடுத்துள்ள கங்குந்தியின் வேடர், காஞ்சியின் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். இகழ்ந்து மறுக்கப்படவே, சினங்கொண்டு ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆடவர் ஏழு நாய்களை உடன்கொண்டனர். "நாய்கள் மட்டும் திரும்பின், நாங்கள் மாண்டோம் எனக் கொண்டு இறுதிக்கடன் ஆற்றுக" என்பது மனைவியர்க்கு அவர்கள் இட்ட ஆணை. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் பாலாறு அன்று வெள்ளமாய் ஓடிற்று. நாய்கள் பாதி வழி நீந்தித் திரும்பிவிட்டன. ஆடவரோ கரையேறி, வேடரைக் கொன்று, வீடு வந்தனர். அங்கே மனைவியர் கைம்பெண்கள், சடங்கு முடிந்துவிட்டது. உயிரோடிருப்போர்க்கு ஊரில் இடமில்லை. வேடர்குலப் பெண்களை மணந்து மலையேறினர். அவர் வழியினரே மலையாளிகள் என்பது கதை.

இதற்குச் சக ஆண்டு 1055 என்று காலமும் குறிக்கப்பட்டுள்ளது. வாய்மொழிக் கதைக்கு இத்துணைத் துல்லியம் பொருந்தாது. எனினும் இம்மலையைச் சூழ்ந்த நிலத்திற்கு நாய் புதிதன்று. செங்கம் பகுதியில் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்றுண்டு. வீரன் வீழ்ந்தபின்னும் அகலாது நின்று கள்வரைக் கடித்த நாயின் உருவமும், கோவிவன் என்னும் அதன் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே நின்ற நாய்க்குக் கல் கிடைத்தது. இங்கே திரும்பிய நாய்களால் ஒரு குடியே பிறந்தது. எது பெரிய நினைவுச்சின்னம் என்பதைக் கவிஞர்கள் சொல்லட்டும்.

ஆனால் கதையில் நாய்களைக் காட்டிலும் பேசாதவர் பெண்களே. கவரப்பட்ட ஏழு கன்னியர் மீட்கப்பட்டனரா, காஞ்சி அவர்களை ஏற்றதா? பதிவில் ஒரு சொல்லும் இல்லை. யாரைத் தேடி அத்தனை பயணமும் நிகழ்ந்ததோ அவரே கதையிலிருந்து மறைந்துவிடுகின்றனர். ஆற்றங்கரையில் நனைந்து நடுங்கிய நாய்களைக் கண்டு, கணவர் சொற்படியே தாலி களைந்த மனைவியர், அவர் நேரில் வந்து நின்றபோது என்ன செய்தனர்? தம் குலத்து ஆடவரைக் கொன்றவர்க்கே வாழ்க்கைப்பட்ட வேடர்மகளிர் எந்த மனத்தோடு மலையேறினர்?

மலையாளிகளைக் காஞ்சி வேளாளர் வழியினர் என்பது தந்தையர் வழிக் கணக்கு. அக்கதையை அப்படியே ஏற்றாலும் தாய்மார் காட்டின் மக்கள். எந்தக் கிழங்கு உண்ணத்தக்கது, எந்தப் பொந்தில் தேன் உண்டு, எந்தச் சரிவில் சாமை தாங்கும் என்பதை அறிந்திருக்கக் கூடியவர்கள். காஞ்சியின் நன்செய் உழவர் மலைச்சரிவில் பயிரிட யாரிடம் கற்றிருப்பர்? கதையில் விடை இல்லை. சாமை மட்டும் ஆண்டுதோறும் அச்சரிவுகளில் விளைகிறது.