பேர் வெட்டிய பாத்திரங்கள்

(நம் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நம்ம செயலாளர் போன வாரம் போன் செய்து, "ஞாயித்துக்கிழமை ஆனா ஊர் ஊராப் போய்ப் பழைய சாமான் வாங்கிட்டு வர்றீங்களாமே, அதைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். வீட்டில் என் மனைவி இதையே வேறு வார்த்தைகளில் பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டுக்கு முன்னால் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே சாம்பார் வாசனை வந்ததும் யாராவது கை காட்டினால் நிறுத்திக்கொள்கிறேன்.

பழசு வாங்கும் புத்தி எனக்கு எங்கே பிடித்தது என்றால், நம்மில் பாதிப் பேருக்குப் பிடித்த அதே இடத்தில்தான். மூர் மார்க்கெட். 1973ல் நான் இங்கே பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்ந்தபோது புதுப் புத்தகம் வாங்க வழியில்லை. சென்ட்ரல் பக்கம் போய், பேரம் பேசி, ஒரு இனார்கானிக் கெமிஸ்ட்ரி புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்தைத் திருப்பினால் நம்ம காலேஜ் சீனியர் ஒருத்தர் பேர், வகுப்பு, ரோல் நம்பர். ஓரத்தில் அங்கங்கே பென்சிலால் 'முக்கியம்', 'மிக முக்கியம்', 'விட்டுவிடலாம்' என்று குறிப்பு. அந்த 'மிக முக்கியம்' எல்லாவற்றையும் மட்டும் படித்துத்தான் நான் பாஸ் செய்தேன். அந்தப் புண்ணியவான் இந்த ஹாலில் இருந்தால் தயவுசெய்து கை தூக்கவும். ஐம்பது வருஷ நன்றி பாக்கி இருக்கிறது.

அந்த மூர் மார்க்கெட் 1898ல் அடிக்கல் நாட்டி 1900ல் திறந்தது. 1985 மே 30ந் தேதி தீப்பிடித்துப் போயிற்று. இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. மறுநாள் பார்க்கப் போனேன். கருகின காகித வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அதற்கப்புறம் லஸ் முனையில் நடைபாதைப் புத்தகக் கடை ஒன்றுதான் எங்களுக்குக் கதி.

2013ல் நான் ரிடையர் ஆனேன். நம்ம செட்டில் கணக்கு படித்த ஒருத்தர், பேங்கில் இருந்து வந்த ஒருத்தர், நான், மூன்று பேர். மாம்பலம் ஸ்டேஷனில் காலை ஆறு மணிக்குச் சந்திப்பு. செங்கல்பட்டு வரைக்கும் ரயில், அப்புறம் கிடைத்த பஸ். காஞ்சீபுரம், மதுராந்தகம், உத்திரமேரூர், வந்தவாசி, ஆரணி என்று போவோம். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: விடிந்து கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். நாங்கள் அதையும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கடைத்தெருவில் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று பார்க்கப் போவோம்.

சட்டத்தை மீறினது காரைக்குடிக்கு மட்டும். சனிக்கிழமை ராத்திரி எழும்பூரில் ஏறி, ஞாயிறு பூரா சுற்றி, அன்று ராத்திரியே ரயில் பிடித்து வருவது. இதுவும் ஒரு நாள் பயணம்தான் என்று கணக்கு படித்தவர் நிரூபித்தார். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவுக்குள் நுழைந்தால் தலை சுற்றும். பர்மாத் தேக்கில் செதுக்கின கதவு நிலை, ரவிவர்மா அச்சகத்துப் படங்கள், எனாமல் பூசின அடுக்குச் சட்டிகள் (புரட்டிப் பார்த்தால் ஸ்வீடன் முத்திரை), கைப்பிடி போன கிராமபோன். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் சம்பாதித்துக் கட்டின வீடுகள் அவை. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அந்த வரும்படிக்கு அடி விழுந்தது. அப்புறம் பங்காளிகளுக்குள் பாகம் பிரியும்போது வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வந்தது. பக்கத்தில் கோட்டையூர். விளம்பரப் பலகை எழுதி வந்த ரோஜா முத்தையா அங்கே உட்கார்ந்துதான் பழைய புத்தகங்களாகச் சேர்த்தார். அவர் 1992ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைத்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. அடையாறிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? கை தூக்க வேண்டாம்.

நான் கெமிஸ்ட்ரிக்காரன் என்பதால் எனக்குப் பாத்திரத்தின் மேல்தான் கண். எங்கே போனாலும் பையில் ஒரு காந்தம் இருக்கும். பித்தளையிலும் வெண்கலத்திலும் அது ஒட்டாது. ஒட்டினால் இரும்புக்கு மேல் முலாம், நடையைக் கட்டலாம். அப்புறம் விரல் முட்டியால் ஒரு தட்டு. தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. தாமிரமும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். வெண்கலத்தின் நாதம் நின்று அடங்கும். பச்சை பிடித்திருப்பதால் மட்டும் பழசு என்று நம்பிவிடாதீர்கள். புதுப் பாத்திரத்தை மண்ணில் புதைத்துப் பச்சை ஏற்றுகிற வித்தை கடைக்காரர்களுக்குத் தெரியும்.

ஈயச் சொம்பு வாங்கும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ரசத்துக்கு ஆகிறது வெள்ளீயம். காரீயம் விஷம். ரெண்டையும் 'ஈயம்' என்று ஒரே பேரால் கூப்பிட்டு வைத்திருக்கிறோம். சுத்தமான வெள்ளீயத்தைக் காதருகே வைத்து லேசாக வளைத்தால் கறமுற என்று முனகும். அதை 'டின் க்ரை' என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அறுபது வயதில் வந்தவாசிக் கடையில் முதல் தடவை கேட்டேன். 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்பதும் இதே பாடம்தான். என் மனைவி அதைப் பாடமில்லாமலே, ஒரு சொம்பு போன பிறகு, கற்றுக்கொண்டாள்.

தெருவில் ஈயம் பூசுகிறவர் வருவாரே, நினைவிருக்கிறதா? பாத்திரத்தைச் சூடு பண்ணி, நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளைப் புகை கிளம்பும். ஈயத்தைத் தொட்டுத் துணியால் ஒரு சுழற்று சுழற்றினால் உள்ளே வெள்ளி மாதிரி பளபளக்கும். அந்த நவச்சாரம் நம்ம அமோனியம் குளோரைடுதான். மேலே படிந்த ஆக்ஸைடை அரித்து எடுத்துவிடுகிறது. பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், அதற்குத்தான் இந்தப் பூச்சு. அவர் வராமல் போனார், பித்தளையும் சமையலறையை விட்டுப் போயிற்று. காஸ் அடுப்பு வந்தது, அடி உருண்டையான வெண்கலப் பானை அதில் உட்காராது. குக்கர் வந்தது, பானைக்கு வேலையே இல்லை. மிச்சத்தை எவர்சில்வர் பார்த்துக்கொண்டது.

இங்கே இடையில் ஒரு எச்சரிக்கை. ஒரு ஊரில் ஒருவர் எங்களைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுப் போய், துணியைப் பிரித்து, ஒரு சாண் உயர அம்மன் சிலையைக் காட்டினார். நாங்கள் மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடின ஓட்டம் காலேஜ் ஸ்போர்ட்ஸில்கூட ஓடினதில்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைக்கு 1972ம் வருஷத்துச் சட்டப்படி பதிவு வேண்டும். பத்தூர் நடராஜர் 1976ல் மண்ணிலிருந்து கிடைத்து, லண்டன் வரை போய், கோர்ட்டில் வழக்கு நடந்து 1991ல்தான் திரும்பி வந்தார். சாமி விஷயத்தில் நமக்குச் சபலம் வேண்டாம். பானை, சொம்பு போதும்.

பானை, சொம்பில் எனக்கு உண்மையான சுவாரசியம் அதில் வெட்டியிருக்கும் பேர்தான். சின்ன உளியை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதினது. சீர்ப் பாத்திரம் என்றால் பெண்ணின் பேர், சில சமயம் அப்பா இனிஷியல், வருஷத்தின் பேர். செட்டிநாட்டுப் பாத்திரத்தில் பேரே இருக்காது, இனிஷியல் இனிஷியலாகக் குடும்ப விலாசம் மட்டும். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வருவதால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'ஆங்கிரஸ' என்றிருந்தால் 1932 அல்லது 1992. உளியால் வெட்டின எழுத்து, தேய்மானம் இரண்டையும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மெஷினில் வெட்டின எழுத்து ஒரே கோடாக ஓடும்.

2016ல் காஞ்சீபுரத்தில், ஒரு தெருமுனைப் பழைய பாத்திரக் கடையில் நான் ஒரு தூக்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயசு இருக்கும், ஒரு அம்மா வந்தார்கள். பிளாஸ்டிக் கூடையிலிருந்து ஒரு வெண்கலப் பானையை எடுத்து வைத்தார்கள். துலக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். விற்கிற பாத்திரத்தை யார் துலக்குவார்கள்? கடைக்காரர் தராசில் வைத்து, ஒரு தொகை சொன்னார். அந்த அம்மா பேரம் பேசவில்லை. பையனுக்கு டெர்ம் ஃபீஸ் கட்டணும் என்று மட்டும் சொன்னார்கள். பணத்தை எண்ணிக் கொடுத்த கையோடு கடைக்காரர் அரத்தை எடுத்தார். "பேர் இருந்தா போணியாவாது" என்றார் என்னைப் பார்த்து.

அந்த அம்மா முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டே, "நான் போன பெறகு ராவுங்கண்ணே" என்றார்கள். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

நான் அரத்தின் மேல் கை வைத்தேன். "பேரோடவே எனக்குக் குடுங்க" என்றேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அந்த அம்மாவுக்குக் கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு என்னிடம் வாங்கினார். அது அவர் தொழில். குறை சொல்ல மாட்டேன். பேங்க்கார நண்பர் பஸ்ஸில் கேட்டார்: "அந்த அம்மாவைக் கூப்பிட்டுப் பணத்தைக் கொடுத்துட்டுப் பானையையும் கொடுத்திருக்கலாமே?" கொடுத்திருக்கலாம். ஆனால் அவர்கள் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. இது சாக்காகவும் இருக்கலாம். கடைக்காரரிடம் என் நம்பரை எழுதிக் கொடுத்து, அவர்கள் வந்தால் சொல்லுங்கள், எடைக்கு எடை அதே விலைக்குத் திருப்பித் தருகிறேன் என்றேன். இதுவரை போன் வரவில்லை. "யாரோ பேர் வெட்டின பானையில நம்ம வீட்டுப் பொங்கலா?" என்று என் மனைவி முதல் வருஷம் பால்கனியிலேயே வைத்திருந்தாள். அடுத்த வருஷம் அவளே எடுத்து மஞ்சள் கட்டினாள். பேர் இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்க மாட்டாள், நம்மைப் பார்க்கத்தான் வைப்பாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் பெரிய மனுஷன் என்று நினைக்க வேண்டாம். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

1987ல் நாங்கள் மயிலாப்பூர் வாடகைப் போர்ஷனைக் காலி செய்துவிட்டு அடையாறு ஃப்ளாட்டுக்கு வந்தோம். இரண்டு பெட்ரூம். கிச்சனில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் ஹாலில் நிற்க வேண்டும். அம்மாவின் சீர்ப் பாத்திரங்களை எங்கே வைப்பது? அண்டா, குடம், அடுக்கு, வெண்கலப் பானை எல்லாவற்றையும் ஒரு தட்டுவண்டியில் ஏற்றி எடைக்குப் போட்டது நான்தான். அம்மா தடுக்கவில்லை. வந்த பணத்தில் ஒரு குக்கரும் ஒரு சீலிங் ஃபேனும் வாங்கினேன். சாயங்காலம் ஃபேனை மாட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உருக்கிடுவாங்களா, இல்ல அப்படியே விப்பாங்களாடா?"

ஸ்டூல் மேலே நின்றுகொண்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, "உருக்கிடுவாங்கம்மா, அதையெல்லாம் யார் வாங்கப் போறா" என்றேன். அம்மா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 2004ல் காலமானாள்.

இந்தப் பத்து வருஷம் கடை கடையாக அலைந்ததில் நான் தெரிந்துகொண்டது, நல்ல வெண்கலப் பானையை யாரும் சுலபத்தில் உருக்க மாட்டார்கள். கைமாறி, ஊர் மாறிப் போய்க்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு நான் சொன்னது தப்பு. திருத்திச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு மறுபடி ஆரணி போகிறோம். வர ஆசைப்படுகிறவர்கள் காலை ஆறுக்கு மாம்பலம் ஸ்டேஷன் வந்துவிடுங்கள். சாப்பாடு அவரவர் கையில், தண்ணீர் பாட்டிலும் ஒரு கித்தான் பையும் கட்டாயம்.

வர முடியாதவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அம்மாவின் கல்யாணம் விக்ருதி வருஷம், அதாவது 1950. பானையின் கழுத்துக்குக் கீழே பேரும் வருஷமும் வெட்டியிருக்கும். வெட்டினவருக்குத் தமிழ் கொஞ்சம் தகராறு. 'விக்ருதி' என்பதற்கு வல்லின 'று' போட்டு 'விக்றுதி' என்று வெட்டிவிட்டார். தாத்தா அவரோடு சண்டை போட்டதாக அம்மா சொல்லிச் சிரிப்பாள். உங்கள் வீட்டு லாஃப்ட்டிலோ, சம்பந்தி வீட்டிலோ, ஏதாவது ஊர்க் கடையிலோ அந்த எழுத்தைப் பார்த்தால் விலை பேசாதீர்கள். சங்கத்துக்குப் போன் செய்து சொல்லுங்கள், நான் புறப்பட்டு வந்துவிடுகிறேன்.

சாம்பார் வாசனை வந்துவிட்டது. வணக்கம்.