கால் மணி நேரம் என்று வந்தவர்



1935-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஏக்ரன் நகரம். அங்கே ஒரு ஹோட்டல் முன்கூடத்தில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் தனியாக நிற்கிறார். வந்த காரியம் கெட்டுவிட்டது. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து பேச்சும் சிரிப்பும் வருகின்றன. இன்னொரு பக்கம் தொலைபேசி.

அவர் தொலைபேசியை எடுத்தார். ஒரு பாதிரியாரை அழைத்து, குடியால் அவதிப்படுகிற ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

மறுநாள், குடியில் சிக்கியிருந்த பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. குடியின் கேட்டை மருத்துவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அதெல்லாம் அவர் கேட்டுச் சலித்தது. பில் புத்திமதி சொல்லவில்லை. தான் குடித்த கதையை, விட்டுவிட்டு மறுபடி விழுந்த கதையைச் சொன்னார்.

ஜூன் 10 அன்று, ஓர் அறுவை சிகிச்சைக்கு முன் கைநடுக்கம் அடங்க பாப் குடித்த பீர்தான் அவருடைய கடைசிக் குடி. அந்த நாளைத்தான், குடிநோயாளிகள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

எத்தனையோ சிகிச்சை முறைகள் வந்தும் இது மட்டும் ஏன் இப்படி ஊன்றி நிற்கிறது? முதல் காரணம் காசு. கட்டணம் என்று எதுவும் கிடையாது. உறுப்பினர்கள் போடும் சில்லறையில்தான் வாடகையும் தேநீரும். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை என்பது அவர்களே வகுத்துக்கொண்ட விதி. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், உள்ளே போகலாம். வீட்டையும் நகையையும் தொலைத்துவிட்டு வருகிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் உயிர்நாடி அந்த ஹோட்டல் முன்கூடத்தில் இருக்கிறது. உதவுகிறவரும் உதவியால் பிழைக்கிறார். நேற்று அழுதுகொண்டே வந்தவர் அடுத்த வருடம் இன்னொருவருக்கு வழித்துணை ஆகிறார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, கை பாட்டிலைத் தேடுகிற நேரத்தில், அழைக்க ஒரு எண் இருக்கிறது. எந்த மருத்துவமனையும் அந்த நேரத்தில் அப்படித் துணை இருக்க முடியாது.

இங்கே தமிழ்நாட்டிலும் இந்தக் கூட்டங்கள் தமிழில் நடக்கின்றன. ஊரெல்லாம் குடிகாரன் என்று ஏசிய மனிதர் அங்கே எழுந்து, “நான் ஒரு குடிநோயாளி” என்கிறார். யாரும் முகம் சுளிப்பதில்லை. வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள், அவ்வளவுதான். பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியங்கள் மீறப்பட்டதைப் பார்த்த வீடுகளுக்கு இதன் அருமை தெரியும்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் பேச்சு வருகிறதே என்று விலகிப்போனவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இது வெறும் நம்பிக்கைதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 2020-இல் காக்ரன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. முறையாக ஏ.ஏ.வில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு மற்ற மனநலச் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்று அது கண்டது.

ஒன்று சொல்லியாக வேண்டும். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பிறகு அந்தக் கூட்டத்துக்கும் ஒருநாள் கூடவே போய் வாருங்கள். வாசல் வரைக்குமாவது யாராவது உடன் வந்தால் அவருக்குத் தைரியமாக இருக்கும்.